பன்னிரண்டாவது வீடு

அந்த வரிசையில் யாரும் அவர்களை 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கவில்லை. எத்தனை பேர் என்று மட்டும்தான் கேட்டார்கள். ஓரிக்கை தாண்டி, பாலாற்றுப் பக்கம் புதிதாகக் கட்டிய பன்னிரண்டு வீடுகளில் கடைசி வீட்டைச் சம்பூர்ணமும் அவள் கணவன் காசிநாதனும் வாங்கியிருந்தார்கள். பால் காய்ச்சிய அன்றே பக்கத்து வீட்டுத் தேவகி வந்து, "நீ, அவரு, பொண்ணு. மூணு பேருதானாம்மா?" என்றாள். எதிர்வீட்டுப் பெரியவரும் அதையே கேட்டார். காய்கறி வண்டியருகே நின்ற பெண்களும் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பம். இப்படி வாசலேறி வந்து விசாரிக்கிறார்களே என்று சம்பூர்ணத்துக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று.

கூடத்துக் கிழக்குச் சுவர் மட்டும் காயவேயில்லை. மூன்று வாரமாக ஜன்னல்களைத் திறந்துபோட்டு, ஆவணி வெயிலில் தரையெல்லாம் காய்ந்தும், அந்தச் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை ஈரமாயிற்று. பெயின்ட் நெடிக்கு அடியில் வாடிப்போன சம்பங்கியின் வாடை இருந்தது. மகள் சிம்ரன் பள்ளிக்கூடத்துக்கும், காசிநாதன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஓட்டவும் போய், வீடு அடங்கிய மதிய நேரங்களில் சுவருக்குள் ஏதோ மெல்ல இரைந்தது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று காதை வைத்துக் கேட்டாள். பசித்த வயிறு இரைவதுபோல இருந்தது. காதை எடுத்தாள். நின்றுவிட்டது.

காசிநாதனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். புதுச்சுவர் அப்படித்தான் இருக்கும் என்றான். வெள்ளிக்கிழமை மறுபடி சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தேவகியின் புருஷன் கோதண்டபாணி அவனைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, குழம்பு வாங்கிய பாத்திரங்களைக் கொடுக்கக் கிளம்பினாள். எதிர்வீட்டுக் கூடத்தில், கிழக்குச் சுவரில், மாலை போட்ட கிழவி படம். அடுத்த வீட்டிலும் கிழக்குச் சுவர். கைக்குழந்தை. தேவகி வீட்டில் அரும்பு மீசையோடு ஒரு பையன். படத்துக்குக் கீழே எழுதியிருந்த தேதி, தேவகி குடும்பம் குடிவந்த அடுத்த மாதம்.

தேவகி பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அந்தச் செவுரு வீட்டுக்கு ஒரு உசுரு கேக்கும்மா. நாங்க நம்பல. வாய மூடிக்கினு இருந்தோம். அதுவா எடுத்துக்கிச்சி, என் புள்ளைய. நாமளே யாருன்னு சொல்லிட்டா மத்தவங்களத் தொடாது."

சம்பூர்ணம் படத்துக்குக் கீழே இருந்த தேதியை மறுபடி பார்த்தாள்.

"உன் வீட்டுக்காருகிட்ட நேத்தே சொல்லிட்டாரு இவரு."

செருப்பைத் தேடாமல் ஓடினாள். தன் வீட்டுக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. ஒரு அடி. நிதானம். இன்னொரு அடி.

காசிநாதன் ஸ்டூல் மேல் நின்று கிழக்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தரையில் ஸ்டுடியோ பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக் கிடந்தது சட்டம் போட்ட படம். திருப்பினாள். அவளேதான். கல்யாணப் படத்தில் அவளை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அவள் தோளில் அவன் விரல்கள் நான்கு மட்டும் மிச்சமிருந்தன.

அவன் படத்தை வாங்கி மாட்டினான். இறங்கி வந்து பின்னால் தள்ளி நின்றான்.

"உயரம் சரியா இருக்குதா பாரு," என்றான்.

"சிம்ரன் எங்க?"

"எங்க வீட்டுச் சமையக்கட்டுல சாப்புட்டுக்கினு இருக்குறா," என்றது தேவகியின் குரல், வாசலிலிருந்து. அவளுக்குப் பின்னால் பெண்கள். பதினோரு வீட்டுப் பெண்கள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள். ஒருத்தி பாயை உதறித் தெற்கே தலைமாடு வரும்படி விரித்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்கள்.

சம்பூர்ணம் கதவைப் பார்த்தாள். காசிநாதன் அதன் குறுக்கே நின்றிருந்தான். அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் நகரவில்லை.

"நீ இல்லன்னா அவதான்மா," என்றாள் தேவகி. "எட்டு வயசுப் பொண்ணு."

சுவர் இரைந்தது. இப்போது எல்லோருக்கும் கேட்டது.

சம்பூர்ணம் பாயில் உட்கார்ந்தாள். படுத்தாள். யாரோ புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டார்கள். நெற்றியில் ஒரு நாணயம். சில்லென்று. தேவகி அவள் காலடியில் மண்டியிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்து, வெள்ளைத் துணியால் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, தாயைப்போலக் கேட்டாள்.

"இறுக்கமா இருக்குதாம்மா?"