நிலாவில் கிப்லா எந்தப் பக்கம்?

மஸீனாவின் உம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தது ஒரு நொடி. அதற்காகக் கட்டிலில் கிடக்க வேண்டியதோ நாற்பது நாள். முறிந்த காலுக்குப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய சிங்கள வைத்தியர், வெதமாத்தயா, "இறங்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்லிவிட்டுப் போக யாராலும் முடியும். படுத்துக் கிடப்பவருக்கல்லவா தெரியும் அந்தப் பாடு!

கண்டியில், கட்டுக்கலைப் பக்கம் அவர்கள் வீடு. வாப்பாவுக்குக் கம்பளையில் கடை. வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். உம்மாவின் நானா, அதாவது அண்ணன், முஹைதீன் மாமா அவர்களோடுதான் இருந்தார். அவரும் காலையிலேயே கொழும்பு வீதியில் இருந்த தம் புடவைக் கடைக்குப் போய்விடுவார். பதினொரு வயது மஸீனா பள்ளிக்கூடம் போய்விடுவாள். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா நடுவில் ஒரு தடவை கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் உம்மாவுக்குப் பேச்சுத் துணை சுவரில் ஓடும் பல்லிதான்.

தலைமாட்டில் ஒரு கிதாபு இருந்தது. நல்லடியார்களின் வாழ்க்கையும் அறிவுரையும் சொல்லும் பழைய மார்க்க நூல். அதை உம்மா நான்கு தடவை வாசித்து முடித்துவிட்டார். ஐந்தாம் தடவை எடுத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மஸீனாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தக அலுமாரி உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தனபாலன் வாத்தியார் அதன் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பார். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவரே இரண்டு புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, கடிகாரம் திருத்தும் ஒருவர் தகரத்தால் வாகனம் செய்து நிலாவுக்குப் போன கற்பனைக் கதை. மற்றொன்று, மலைநாட்டில் காடு வெட்டி முதன்முதலில் தோட்டம் போட்டவர்களின் வரலாறு.

"ஓம் பிள்ளை, இரண்டையும் கொண்டு போ. இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை திரும்பி வரவேணும்" என்றார்.

அன்று மாலையே மஸீனா நிலாக் கதையை வாசித்துக் காட்டினாள். உம்மாவுக்குக் கால் வலி பறந்துபோனது. கடிகாரக்காரர் நிலாவில் இறங்கிய இடம் வந்ததும் உம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நம்மட ஆள் ஒருத்தர் அங்க போனா, எந்தப் பக்கம் பாத்துத் தொழுற? நிலாவில கிப்லா எந்தப் பக்கம்?"

மக்கா இருக்கும் திசைதான் கிப்லா. உலகத்தில் எங்கே இருந்தாலும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் தொழவேண்டும். மஸீனா முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். படுக்கப் போகும்போதும் அதையே யோசித்துக்கொண்டு போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மஸீனா வாசித்துக் காட்டுவது மாலையில் அரைமணி நேரம். பகல் முழுதும் உம்மா என்ன செய்வார்?

உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பார். ஆனால் தமிழ் எழுத்தில் அல்ல. அந்தக் காலத்தில் முஸ்லிம் பெண்கள் பலர் குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் அறபு எழுத்தைத்தான் படித்தார்கள். தமிழையும் அந்த எழுத்திலேயே எழுதினார்கள். பேச்சு தமிழ், எழுத்து அறபு, வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகப் போகும். அறபுத் தமிழ் என்று பெயர். மஸீனாவுக்கு இரண்டு எழுத்தும் தெரியும்.

"நானே எழுதிக் கொடுக்கிறேன்" என்று அவள் முடிவு செய்தாள். எண்பத்தெட்டுப் பக்கம். எழுதினால் கை கழன்று போகுமே என்று ஒரு கணம் தோன்றியது. போனால் போகட்டும் என்று மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் கடைக்கு வரும் புடவைக் கட்டுகளுக்குள் வெள்ளைத் தாள் இருக்கும். அதை மடித்து, கிழித்து, மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதினாள். விரலெல்லாம் மை. தினமும் இரண்டு தாள், சில நாள் மூன்று. எழுதியதை உம்மாவின் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவாள்.

பகலில் உம்மா அதை வாசித்தார். இனி வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாலையில் மகள் வந்ததும் கடிகாரக்காரரைப் பற்றி அவளிடமே கதை சொன்னார்.

முப்பத்தொரு தாள் ஆனது. அப்போதுதான் வந்தது வினை.

ஒரு வியாழக்கிழமை காலை மாமா உம்மாவைப் பார்க்க வந்தார். உம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரம் அறபு எழுத்தில் தாள்கள். காற்றில் ஒன்றிரண்டு கீழேயும் விழுந்து கிடந்தன. மாமாவுக்குப் பதறிவிட்டது. அறபு எழுத்து இருக்கும் தாள் என்றால் அது மார்க்கம் சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும், காலில் படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். எல்லாவற்றையும் பொறுக்கினார். முத்தமிட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலுமாரியின் மேல், கிதாபுகளோடு கிதாபாக அடுக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

வியாழக்கிழமை மாலை அஸருத் தொழுகைக்குப் பிறகு ஹவ்வா உம்மா நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நோயாளிக்காகக் கிதாபு வாசிப்பார். அன்றும் வந்தார். அலுமாரியின் மேல் கைக்கு எட்டியதை எடுத்தார். கண் கொஞ்சம் மங்கல். ஆனால் குரல் கணீரென்று இருக்கும். இராகம் இழுத்துத் தொடங்கினார்.

"அவர் பூமியை விட்டு உயர்ந்தாரே... மேகமெல்லாம் காலடியில் கிடந்தனவே... பிறந்த ஊரை நினைத்து அவர் கண்கள் கலங்கினவே..."

பெண்கள் உருகிப்போனார்கள். யாரோ ஒரு பெரிய நல்லடியாரின், அவுலியாவின் சரித்திரம் என்று நினைத்து ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மஸீனா வாசலிலேயே நின்றுவிட்டாள். உம்மா போர்வையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்போது அவர் கோட்டுப் பையில் கைவிட்டு... ஓர் இஸ்குருப்பு ஆணியை எடுத்தாரே..."

இராகம் அறுந்தது. எந்த அவுலியா கோட்டுப் போட்டிருந்தார் என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். உம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கட்டில் குலுங்கச் சிரித்தார். ஹவ்வா உம்மாவும் பாவம், சிரித்துத்தான் சமாளித்தார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். சற்று முன்பு கடையிலிருந்து வந்து முன் அறையில் உட்கார்ந்திருந்த மாமா. பெண்கள் போகும் வரை காத்திருந்தார். பிறகு மஸீனாவைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. தான் முத்தமிட்டு வைத்தது இஸ்குருப்பு ஆணிக் கதையை என்று நினைக்க நினைக்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"கிதாபு எழுத்தில கட்டுக்கத எழுதினா, நாளைக்கு எது கிதாபு, எது கத எண்டு எப்பிடித் தெரியும்? இண்டைக்கு நடந்தத நீயே பாத்தாய்தானே" என்றார்.

அறபு எழுத்து இருப்பதால் அதைக் குப்பையில் போடவும் கூடாது, எரிக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கெட்டம்பைக்குப் போய் மகாவலி ஆற்றில் விட்டுவிடுவேன் என்றார். பழைய, கிழிந்த ஓதல் தாள்களை அப்படித்தான் மரியாதையாக ஆற்றில் சேர்ப்பார்கள். முப்பத்தொரு தாளையும் வெள்ளைத் துணியில் கட்டி முன் அறையில் தாம் உட்காரும் கதிரையில் வைத்தார்.

மஸீனாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். அடுத்த அறையில் கிடக்கும் உம்மாவை நினைத்ததும் இன்னும் அழுதாள். இனிப் பகலெல்லாம் உம்மாவுக்குப் பழையபடி அந்தப் பல்லிதான்.

அழுது முடித்ததும் யோசித்தாள். மாமா சொன்னதில் பாதி சரி. ஹவ்வா உம்மா ஏமாந்தது தப்புத்தான். ஆனால் அதற்கு ஆறுதான் மருந்தா? வேறு வழி இருக்க வேண்டும். கிடைக்கும் வரை விடுவதில்லை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளி காலை மாமா தேநீர் குடிக்கும்போது போய் நின்றாள். தாள்களைப் பற்றி முன்பே சொல்லாதது தன் பிழை என்றாள். பிறகு, ஒரு கேள்வி இருக்கிறது என்றாள்.

"நிலாவுக்குப் போனவர் தொழ நிண்டா, எந்தப் பக்கம் பாக்கிற மாமா?"

நடக்காத வேலைக்கெல்லாம் கேள்வி எதற்கு என்று மாமா அதட்டிவிட்டு எழுந்து போனார். ஆனால் முஹைதீன் மாமாவிடம் ஒரு குணம். மார்க்கத்தில் ஒரு கேள்வி காதில் விழுந்துவிட்டால், காலில் தைத்த முள் மாதிரி, எடுக்காமல் விடமாட்டார். அன்று கடையில் ஒரு பெண் நீலத் துணி கேட்டாள். அவர் பச்சையை அளந்து கொடுத்தாராம்.

ஜும்ஆ முடிந்து வந்தவர் துணிக்கட்டைத் தொடவில்லை. நேரே அலுமாரிக்குப் போய் ஒரு தடித்த கிதாபை எடுத்துக்கொண்டு உம்மாவின் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு மஸீனா வந்ததும் விரலை வைத்து வாசித்தார்.

திசை தெரியாதவன் தேடவேண்டும். சூரியன், நட்சத்திரம், காற்று, மலை என்று எந்த அடையாளம் கிடைத்தாலும் அதை வைத்துத் தேடவேண்டும். தேடாமல் சும்மா நிற்கக் கூடாது. இதுதான் அதில் இருந்தது.

"அங்க நிண்டு பாத்தா பூமி தெரியுமா?" என்று மாமா கேட்டார்.

"தெரியும் மாமா. நிலாவை விடப் பெரிசா, சோத்துச் சஹன் தட்டு மாதிரித் தெரியுமாம்."

"அப்ப முடிஞ்சி. மக்கா பூமியிலதானே ஈக்கி. பூமியப் பாத்துத் தொழவேண்டியதுதான்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. மஸீனா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் உண்மையை விழுங்கிவிட்டு இருக்க அவளுக்கு வராது. கடிகாரக்காரர் இறங்கியது நிலாவின் மறுபக்கம் என்றாள். நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும். அதன் முதுகுப் பக்கம் நிற்பவருக்குப் பூமி தெரியவே தெரியாது.

மலர்ந்த முகம் மறுபடி சுருங்கியது. மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். மஸீனா ஓடிப்போய் மற்றப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். காடு வெட்டியவர்களின் வரலாறு. தெல்தோட்டைப் பக்கத்து மலையொன்றில் பத்து நாள் சூரியனே தெரியாத மூடுபனி. நாற்பது பேர் வழி தவறினார்கள். துரைக்கும் தெரியவில்லை, கங்காணிக்கும் தெரியவில்லை. கறுப்பையா என்ற தொழிலாளி மட்டும், வரும்போதே பத்து மரத்துக்கு ஒரு மரம், வந்த பக்கமாகக் கத்தியால் கொத்திக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கொத்தைத் தடவித் தடவி நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவர் பெயர் அந்தப் புத்தகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

மாமா அந்த இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

"கிதாபு சொன்னதத்தான் இந்த மனிசனும் செஞ்சீக்கார்" என்றார் மெதுவாக. "அடையாளம் இல்லாத எடத்தில தானே அடையாளம் வெச்சீக்கார். ஆனா நிலாவில மரம் ஏது?"

"கல் அடுக்கி வெச்சிட்டுப் போறார் மாமா. வந்த பக்கம் தெரியிறதுக்கு. ஆனா கல்லையெல்லாம் தூசி மூடிடுது."

"மூடினா?"

"அதுக்குப் பொறகு எழுதல்ல. முப்பத்தோராம் தாள் அதோட முடியுது."

மாமா கதிரையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார். கட்டிலில் இருந்து உம்மா சொன்னார்: "எனக்கும் தெரியாது நானா. ரெண்டு நாளா அந்த மனிசன் தூசிக்குள்ளதான் நிக்கிறார்."

மஸீனா தன் பள்ளிக்கூடப் பையைத் திறந்தாள். அன்று காலையே எழுதி வைத்த சிறு துண்டுகள், சிவப்பு மையில், அறபு எழுத்தில், முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வரி: இது மனிதர் கற்பனை செய்த கதை, கிதாபு அல்ல.

"ஒவ்வொரு தாளுக்கும் மேல ஒட்டுறேன் மாமா. கிதாபுக்குப் பக்கத்தில வைக்காம வேற பெட்டியில வைக்கிறேன். ஹவ்வா உம்மாக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

மாமா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தில் பிழை இருக்குமா என்று தேடினார், இல்லை. துணிக்கட்டை அவிழ்த்தார்.

"பசை காய்ச்சு. எத்தின பக்கம் மிச்சம்?"

"நாப்பத்தொம்பது. திங்கக்கிழமை புத்தகத்தத் திருப்பிக் குடுக்கணும்."

"ஒன்ட கையால நடக்காது. நீ வாசி, நான் எழுதுறேன்."

உம்மா உடனே கையை உயர்த்தினார். "இங்க வாசிக்காதீங்க. நானேதான் வாசிக்கணும். முன் அறைக்குப் போங்க."

முன் அறைக்குப் போனார்கள். கதவையும் சாத்தினார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மஸீனா மெல்லிய குரலில் வாசிக்க, மாமா எழுதினார். வேகமாகத்தான் எழுதினார்; ஆனால் பக்கத்துக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு, இந்த ஆள் செய்வது சரியில்லை என்று கடிகாரக்காரரோடு சண்டை பிடித்தார். கம்பளையிலிருந்து வந்த வாப்பா, மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத் தாள் கிழித்துக் கொடுக்க உட்கார்ந்தார். ஞாயிறு மாலை கடைசித் தாளும் முடிந்தது. முடிவைச் சொல்ல மாமாவின் வாய் துடியாய்த் துடித்தது. உம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை மஸீனா இரண்டு புத்தகங்களையும் தனபாலன் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். உம்மா தனியாகத்தான் இருந்தார். மடியில் தாள்கள்; முதல் தாளிலிருந்தே மறுபடி தொடங்கியிருந்தார். ஹவ்வா உம்மா வைத்துவிட்டுப் போன கஞ்சி ஆறி ஆடை படிந்திருந்தது.

"உம்மா, நான் வந்துட்டேன்."

உம்மா தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"கொஞ்சம் பொறு புள்ள. இவரு இப்பதான் தூசியத் தட்டுறார்."