நிக்கல் எரிவதில்லை

வியாழனின் நிலவான கலிஸ்டோவில் குழந்தை பிறந்தால் முதலில் பெயர் வைப்பதில்லை. சுரங்கத்தில் இறங்கும் முறைக்கான எண்தான் வைப்பார்கள். பெயரை ஆற அமர யோசித்துக்கொள்ளலாம். வெளியே இரும்பும் நொறுங்கும் குளிர். உள்ளே வீட்டுக்கு வீடு ஒரு குளிர்பிணைவு அடுப்பு. நிக்கல் தூளுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் புகுந்து பிணைந்து வெப்பம் தரும். வாரம் ஒரு கரண்டி நிக்கல் போட வேண்டும் என்பது முதல் குடியேறிகள் காலத்து வழக்கம். அந்தக் கரண்டிக்காகத்தான் ஆழ்சுரங்கம். அதற்குள் போகிற பலர் திரும்புவதில்லை.

வெப்பத்துறைப் பொறியாளர் மதிவதனியின் தம்பி இளங்கீரனுக்கு அடுத்த முறை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. பயம் தாங்காமல் அவள் தன் வீட்டு அடுப்பை அணைத்துப் பிரித்தாள். அதுவரை யாரும் பிரித்ததில்லை. அந்தக் குளிரில் எரிகிற அடுப்பை எவன் அணைப்பான்? உள்ளே, தலைமுறை தலைமுறையாகப் போட்ட நிக்கல் அத்தனையும் கட்டிதட்டிக் கிடந்தது. துளியும் குறையவில்லை. செலவானது ஹைட்ரஜன் மட்டுமே. நிக்கல், ஹைட்ரஜன் உட்கார்ந்து வேலை செய்யும் பலகை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

குடியிருப்பின் அவையில் இடம், சுரங்கத்தில் உயிர் கொடுத்த வீட்டாருக்கு மட்டும். தியாகத்துக்கு மரியாதையாம். அவர்கள் கண்ணெதிரே, புது நிக்கல் போடாத அடுப்பை வாரக்கணக்கில் எரித்துக் காட்டினாள். எல்லாரும் அதில் கை காய்ந்தார்கள். பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"நீ சொல்றது சரிதாம்மா," என்றார் தலைவி செல்வநாயகி. "என் ரெண்டு பசங்களும் அந்தக் குழியிலதான் கெடக்கானுங்க. சும்மா செத்தானுங்கன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா?"

"இனிமே யாரும் சாக வேணாமேம்மா! என் தம்பி..."

"உன் தம்பி மட்டும் என்ன உசத்தி?"

விஷயம் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. மனிதர்கள்தானா இவர்கள் என்று பொருமிக்கொண்டே அவள் வெளியேறினாள்.

"விடுக்கா, ஊரே போகுது. நான் போகலைன்னா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு இளங்கீரன் போனான். சுரங்கக் கூரை சரிந்தது. உடல் கிடைக்கவில்லை. அவன் வெட்டிய நிக்கலை மட்டும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடவே அவையில் ஓர் இடமும்.

மறு ஆண்டு கயற்கண்ணி என்ற பெண் அவைக்கு ஓடி வந்தாள். அவளுடைய ஒரே மகளுக்கு முறை வந்திருந்தது. அவளும் அடுப்பைப் பிரித்திருந்தாள்.

"போட்ட நிக்கல் அப்படியே கெடக்குங்க! ஏன் பிள்ளைங்களைச் சாகக் கொடுக்கறோம்?" என்று கதறினாள். பிறகு மதிவதனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க படிச்சவங்க. நீங்களாவது சொல்லுங்கக்கா."

மதிவதனி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நானும் பிரிச்சுப் பார்த்தவதாம்மா," என்றாள். "என் தம்பி வெட்டின நிக்கலைப் போட்ட பிறகுதான் எங்க வீடு சூடாச்சு."