பத்மாசினியின் வலது கை

கைகளை மடியில் தளர்வாக வைக்கச் சொன்னபோது பத்மாசினியின் வலது கை மட்டும் கேட்கவில்லை. அது மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தது.

"வேறை ஒண்டையும் யோசியாதேங்கோ பிள்ளையள், மூச்சை மட்டும் பாருங்கோ," என்றார் செல்வநாயகி. களைத்துப்போன தாதிமாரின் மனதை ஆறவைக்க நிவாரணக்காரர் அனுப்பிய பயிற்சியாளர் அவர். ஆஸ்பத்திரிக்கு மருந்து கேட்டார்கள், வரவில்லை. மண்ணெண்ணெய் கேட்டார்கள், வரவில்லை. மூச்சுவிடக் கற்றுக்கொடுக்க ஆள் வந்திருந்தது. பத்மாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றும் இதே பாடம்தான். முடிந்ததும் வார்டுக்குப் போய், ஷெல்பட்ட குருநகர் மீனவர் இன்னாசித்தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்தாள். கரண்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரம் வெறும் இரும்பு. றப்பர்ப் பையை ஆள்மாறி ஆள் கையால் அமுக்கித்தான் அவருக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அவர் மனைவி இராசமலர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், படித்ததைச் செய்துபார்ப்போமே என்று பத்மாசினி அமுக்கியபடியே கண்ணை மூடினாள். அவள் மூச்சு மெதுவானது. அதோடு சேர்ந்து கையும் மெதுவானது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த நிம்மதி அது. கண் திறந்தபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீங்கள் என்ன செய்வியள் மிஸி, அவரின்ரை விதி," என்றாள் திரும்பி வந்த இராசமலர். ஏசியிருந்தால் பத்மாசினி தாங்கியிருப்பாள். அந்த ஆறுதல் வெந்த புண்ணில் வேலாக இறங்கியது.

இப்போது மத்தியான வெயில் பயிற்சி மண்டபத்தின் கூரை ஓடுகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. டெற்றோல் வாசனை, வேர்வை வாசனை, தூரத்தில் ஹெலிகொப்டரின் இரைச்சல், பக்கத்தில் பாதித் தூக்கத்தில் இழுபடும் மூச்சுகள், இவை எல்லாவற்றுக்கும் அடியில் றப்பர் நசுங்கும் சத்தம், மெல்ல, ஈரமாக. அவள் கையில் பை இல்லை.

இடது கையால் வலது கையை இறுக்கிப் பிடித்தாள்.

நெஞ்சு நின்றது.

இழுத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை. வாய் திறந்தாள். குரல் இல்லை. பிடியை விட்டாள்.

விரல்கள் மூடின. நெஞ்சு எழுந்தது. விரல்கள் திறந்தன. அடங்கியது.

"பாத்தியளே, பத்மாசினி எவ்வளவு அமைதியாய் இருக்கிறா," என்றார் செல்வநாயகி. "இண்டைக்கு வீட்டை போய் நல்லா நித்திரை கொள்ளுங்கோ, பிள்ளை." சொல்லிவிட்டுத் தானும் கண்ணை மூடினார்.

மாற்றிவிட ஆள் தேடினாள். சுற்றிலும் எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. இடது கையை மூடிப் பார்த்தாள். அது வெறும் கை. வலது கை உளையத் தொடங்கியது. விரல்கள் பாதிதான் மூடின.

நகங்களில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.