வீட்டை வெட்டிய கோடு

“ஏண்டி மலையம்மா! இங்க வாடி! ஒம் மக பண்ணியிருக்கிற காரியத்த வந்து பாருடி!”

ஒரகத்தி இருளாயியின் குரல் கூடத்திலிருந்து வந்தது. மலையம்மாள் அடுப்படியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. மத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கூடத்துத் தரையில் பாய் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் விரித்துக் கிடந்தது. நாலு மூலையிலும் நெல் அளக்கிற படிகளை வைத்திருந்தாள் இருளாயி. தாள் நிறையக் கறுப்புக் கோடுகள். நட்டநடுவே வாசலில் ஆரம்பித்து அடுப்படி வரைக்கும் விட்டு விட்டு ஒரு சிவப்புக் கோடு. அதன் ரெண்டு முனையிலும் அம்புக்குறி.

“எனக்கு எழுத்துத் தெரியாதுதான். வீடு தெரியாதா? இது வாசப்படி. இது நெல்லு ரூமு. இது நம்ம சாமிப் பொட்டி இருக்கிற எடம்... பாருடி, பொட்டி மேலயே கோடு போகுது! ரெண்டாப் பிளந்துட்டாளேடி, பாவி மக!”

மலையம்மாள் தாளுக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தாள்.

அவள் மகள் சோணையம்மாள் மெட்ராசில் படிக்கிறாள். வீட்டுக்கு உள்ளே எது எங்கே இருக்க வேண்டும், வெளிச்சம் எந்த வழியில் வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பாம். அதற்கு ஒரு யுனிவர்சிட்டி, அதற்கு அஞ்சு வருசம். வாடிப்பட்டிச் சந்தை வரைக்கும் சிரித்தார்கள். “அடுப்ப எங்க வைக்கணும்னு படிக்கிறதுக்கு ஒரு பொம்பளப் புள்ள ரயிலேறிப் போகணுமா?” என்று இருளாயியும் கேட்டாள். தகப்பனில்லாத பிள்ளையை அனுப்பி வைத்தது அவளுடைய பெரியப்பா, இருளாயியின் புருசன் சிவனாண்டி. தம்பி முத்திருளன் சாகும்போது கொடுத்த வாக்குக்காக, ஊர் வாயை அடக்கி அனுப்பினார்.

லீவுக்கு வந்தவள் நாலு நாளாக டேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டை அளந்தாள். காலேஜில் கொடுத்த வேலை, அவரவர் வீட்டை அளந்து வரைந்து கொண்டுவரச் சொன்னார்கள் என்றாள். அந்தப் பக்கத்துச் சனம் டேப்பை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பார்த்திருக்கிறது. அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள், அளக்கிறவன் வருவான், தாளில் கோடு போடுவான், மறு மாசம் வீட்டு நடுவே சுவர் நிற்கும். சும்மா அளந்தேன் என்று எவன் சொன்னாலும் நம்புகிற ஊர் இல்லை அது. நம்பிக் கெட்ட ஊர்.

“அக்கா... அவ அப்பிடிப்பட்ட புள்ள இல்லக்கா...”

“அப்ப இந்தக் கோடு என்னாடி? நீயே சொல்லு!”

அது மலையம்மாளுக்கும் தெரியாது. மகளோ பம்புசெட்டுக்குக் குளிக்கப் போயிருந்தாள். அதைவிடக் கொடுமை, மலையம்மாளின் உள்ளுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. ‘பங்கு கேட்கத்தான் வரைந்தாளோ? மெட்ராசில் யாரும் சொல்லிக் கொடுத்தார்களோ?’

வாசலில் மண்வெட்டி சாத்துகிற சத்தம். சிவனாண்டி வந்துவிட்டார். மலையம்மாள் வழக்கப்படி கதவுக்குப் பின்னால் போய் ஒதுங்கினாள். தாலி இழந்த பதினாலு வருசத்தில் அவர் முகத்துக்கு நேரே அவள் நின்றதில்லை.

இருளாயி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குனிந்து தாளைப் பார்த்தார். கோடு பெட்டியைத் தொடுகிற இடத்துக்கு வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். குலசாமியின் பெட்டியைக் காக்கிறவர் அவர், சாமியாடி. பெட்டியைப் பங்கு போட்ட குடும்பம் தழைத்ததில்லை என்று எத்தனை பேருக்குக் குறி சொன்னவர்!

“ஊரே வேணாம்னுச்சு. நான் படிக்க வச்சேன்” என்றார் கடைசியில். “அவளை இனிமே அனுப்புறதா இல்ல. படிச்ச வரைக்கும் போதும். பெட்டி படுக்கைய இறக்கி வைக்கச் சொல்லு.”

மலையம்மாளுக்கு உலகமே இருண்டது. சாயங்காலம் ரயில். இன்னும் ஒண்ணரை வருசம்தான் பாக்கி...

கதவை விட்டு வெளியே வந்தாள். வந்து அவர் முன்னால் நின்றுவிட்டாள்!

“மாமா... நாந்தேன். நாந்தேன் கோடு போடச் சொன்னேன். எனக்குத்தேன் பங்கு ஆசை. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய எங்கிட்டாச்சும் வெரட்டி விட்ருங்க, போயிர்றேன். அவ படிப்ப மட்டும் நிறுத்திராதீக மாமா!”

“கேட்டீகளா! கேட்டீகளா!” என்று இருளாயி கையைத் தட்டினாள்.

சிவனாண்டி நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. “நீயா? எம் தம்பி பொண்டாட்டியா? நான் நம்ப மாட்டேன். பொட்டி மேல கைய வச்சுச் சொல்லு.”

பெட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்தால் கண் போகும். அதை அந்த வீட்டுப் பூனையும் அறியும். மலையம்மாள் நடந்தாள். ‘போனால் போகட்டும், இந்தக் கண்ணால் இனிமேல் என்ன பார்க்கப் போகிறேன்’ என்று கையை நீட்டினாள். பெட்டிக்கு ஒரு விரல்கடைதான் இருந்தது...

“அம்மா! என்னம்மா பண்றே?”

ஈரத் தலையோடு சோணையம்மாள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். தரையில் கிடந்த தாளையும் மூன்று முகங்களையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

“பெரியப்பா, இது பங்குக் கோடு இல்ல! பலாப்பழத்த நடுவுல அறுத்தா உள்ள சுளை தெரியும்ல? அது மாதிரி வீட்ட அறுத்துப் பாத்தா உள்ள எப்பிடி இருக்கும்னு வரையச் சொல்லுவாக. எந்த எடத்துல அறுத்தோம்னு காட்டுறதுதேன் இந்தக் கோடு. இந்தா, அறுத்த படம்!”

இன்னொரு தாளை விரித்தாள். வீடு நெடுக்குவாட்டில் பிளந்து நின்றது. ஓடு, உத்திரம், பரண், பெட்டி, அடுப்பு எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. சிவனாண்டி தன் வீட்டை முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். அடுப்படியில், ஆட்டுக்கல்லுக்கும் நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்கும் நடுவே அவர் விரல் வந்து நின்றது. முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடக்கும் ஒரு சின்ன உருவம்.

“இது யாரு?”

சோணையம்மாள் தயங்கினாள். “ஒரு ஆளப் போட்டாத்தேன் அளவு தெரியும்னு வாத்தியார் சொல்லுவார் பெரியப்பா... அம்மா. அம்மா படுக்கிற எடம்.”

அவர் விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனார். ஆம்பிளைகள் கால் வைக்காத இடம் அது. படித்த பெண் டேப்பில் அளந்ததை அவர் நம்பவில்லை போலும். தன் கையாலேயே முழம் போட்டார். ரெண்டு முழம்... அப்புறம் ஒரு சாண். அத்தோடு குலுக்கை இடித்தது. மறுபடி போட்டார்.

“ஏ ஆத்தா...” அப்படி அவர் அவளை அழைத்ததே இல்லை. “பதினாலு வருசத்துல ஒரு நா காலை நீட்டிப் படுத்திருப்பியா?”

“அதுலயே எனக்கு ஒறக்கம் வந்துரும் மாமா...”

“ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?” என்றாள் இருளாயி. குரலில் பழைய வேகம் இல்லை.

“நீங்க கேக்கலயேக்கா.”

இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நானும் பொம்பளதானடி... தினம் உன்னத் தாண்டித்தான அடுப்புக்குப் போனேன்...” என்று மலையம்மாளின் காலைப் பிடித்து அழுதாள். மலையம்மாள் பதறிப்போய் அவளைத் தூக்கினாள்.

“நெல்லு ரூம ஒழிச்சுப் போடு இருளாயி. நெல்லு கூடத்துல கெடக்கட்டும்” என்றார் சிவனாண்டி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அவ ரயிலுக்குப் போகட்டும். மிச்சத்தையும் படிச்சிட்டு வரட்டும்.”

“மாமா... பொட்டி முன்னால பொய் சொல்லத் துணிஞ்சிட்டேன். சாமி என்னைய...”

“கை வைக்கலேல்ல? சாமிக்குக் கேட்டிருக்காது. அது இனி எம் மேல எறங்குமான்னுதான் எனக்கு பயமாருக்கு.”

திருநீற்றுத் தட்டை எடுத்துச் சோணையம்மாளிடம் நீட்டினார். தம்பி மனைவியைத் தொடக்கூடாது. மகள் தாயின் நெற்றியில் பூசினாள். பூசிய கையை மலையம்மாள் விடவில்லை. இழுத்து அணைத்து, காதோரமாகக் கேட்டாள்:

“உள்ளதச் சொல்லு கண்ணு... நெசமாவே பங்குக்கு வரையலேல்ல?”

சோணையம்மாள் தலையைப் பின்னுக்கு இழுத்து அவளைப் பார்த்தாள். “நீயுமாம்மா என்னைய நம்பல?”

“நம்பலதான்டி. அதான் பழிய எந் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டேன்.”

மகள் தேம்பினாள். சின்னப் பிள்ளை போல அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று தேம்பினாள்.