அகோராவிலிருந்து வந்த தூண்

"அதில இருக்காதேங்கோ."

பிருந்தன் திடுக்கிட்டு எழுந்தான். மழைக்கு ஒதுங்கப் பாசல் நகர அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தவன்... ஏதென்ஸ் நகரின் பழைய பொதுச்சதுக்கமான அகோராவிலிருந்து கண்காட்சிக்கு வந்திருந்த உடைந்த தூணில் அல்லவா அமர்ந்திருக்கிறான்!

"கல்லுக் கதிரை எண்டு நினைச்சிட்டன்."

"அதுக்கு இரண்டாயிரத்து முந்நூறு வயசு."

"அப்ப நான்தானே எழும்பி இடம் விடவேணும்? ட்ராம் ஓட்டுறனான்... வயசானவைக்கு இடம் விடச் சொல்லியே பழகிப்போச்சு."

முறைக்க நினைத்த யூலியானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொல்லியல் படித்துக்கொண்டே அங்கு வழிகாட்டியாக இருந்த தமிழ்ப்பெண் அவள். மழை விடும்வரை அவனுக்குச் சிலைகளைக் காட்டினாள். தலையில்லாத பெண்சிலையின் முன் அவன் வெகுநேரம் நின்றான்.

"முகமில்லாட்டியும் ஆரையோ பாத்துக்கொண்டு நிக்கிறா போல கிடக்கு."

ஈரம் காயாத நெற்றிமுடிக்குக் கீழே அவன் கண்கள் அவள் பக்கம் திரும்பின. சொல்ல வந்தது அவளுக்கு மறந்தே போனது...

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தான். மழையே இல்லாத சனிக்கிழமைகளிலும்.

ஐந்தாவது சனியன்று அவளுடைய பேராசிரியை வந்து, இவர் யார் என்று கேட்டார். ட்ராம் ஓட்டுபவர் என்று சொல்ல யூலியானாவுக்கு நா எழவில்லை.

"தெரியாது... யாரோ பார்வையாளர்," என்றாள் ஜெர்மனில்.

பிருந்தனின் காதில் அது விழுந்தது. உடனே வெளியேறினான்.

பிறகு இரண்டு சனிக்கிழமைகள் அவன் வரவில்லை. மூன்றாவது வாரம் வேலை முடிந்ததும், வந்த ட்ராமிலெல்லாம் ஏறி, ஓட்டுநரின் முகம் பார்த்து இறங்கினாள். நான்காவது ட்ராமில் அவன் இருந்தான்.

கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கியபின் ஓட்டுநர் அறைக் கதவைத் தட்டினாள். வெளியே மழை கொட்டியது.

"இதுதான் கடைசித் தரிப்பு. இறங்குங்கோ."

"மாட்டன். அண்டைக்கு நான் பொய் சொன்னனான், பிருந்தன்."

"என்ர வேலையை நான் ஒருநாளும் மறைச்சதில்லை."

"ஓம். மறைச்சது நான்தான். இண்டைக்குப் பேராசிரியையிட்ட நானாவே போய் உங்கட பேரைச் சொன்னன். வேலையையும் சொன்னன்."

அவன் மெல்லத் திரும்பினான். "ஆரெண்டு சொன்னனீங்கள்?"

கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். "எனக்கு விருப்பமான ஆள் எண்டு... உங்களுக்கு என்னில விருப்பமோ தெரியாது எண்டும்."

பிருந்தன் நேரத்தைப் பார்த்தான்.

"நாலு நிமிசத்தில ட்ராம் எடுக்கவேணும். அதுக்குள்ள எல்லாம் சொல்லி முடியாது, யூலியானா. ஆனா ஓம்... முதல் நாளிலயிருந்தே ஓம்."