பெர்மனென்ட் புழு, கான்ட்ராக்ட் புழு

எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தாளிக்கும்போதே தெரிந்துவிடும். தமிழ்நிலா வீட்டில் இரண்டு தட்டு நிறையப் பட்டுப்புழு நெளிவது மட்டும் தெரியாமல் போகுமா? பக்கத்து வீட்டுத் தனம் அத்தை சர்க்கரை கேட்கும் சாக்கில் மூன்று தடவை வந்து பார்த்தாயிற்று.

எல்லாம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக. ஒரு தட்டில் வெள்ளைக் கூடு கட்டும் ரகம். இன்னொன்றில் மஞ்சள் கூடு கட்டும் ரகம். எந்தக் கூட்டில் பட்டு அதிகம் என்று பார்க்க வேண்டும். கூட்டாளி, தோழி அபி.

வெள்ளைதான் உசத்தி என்று யாரோ சொல்ல, மல்பெரிக் கொழுந்து இலையெல்லாம் அதற்கே போனது. மஞ்சளுக்கு முற்றல்.

"அது பெர்மனென்ட், இது கான்ட்ராக்ட்" என்றாள் அபி. இருவரும் சிரித்தார்கள். தம்பி நிலவன் சிரிக்கவில்லை. அதைத் தனம் அத்தைகூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால், ஒரு தட்டு காலி. அத்தனை புழுவும் இன்னொரு தட்டில், ஷிப்ட் விட்ட பஸ் மாதிரி.

"யார்ரா கொட்டுனது?"

"நான்தான். கம்பெனியில அப்பாவும் கான்ட்ராக்ட்தானே. அதுக்குன்னு முத்தல் இலையா?"

தமிழ்நிலா தட்டின்மேல் குனிந்தாள். எது எந்தப் புழு? எல்லாம் ஒரே நிறம், ஒரே நெளிசல்.

அபி வந்து பார்த்தாள். "போச்சு. சயின்ஸ் மருதமுத்து சார்கிட்ட நீயே சொல்லிக்க. நான் எரிமலை செய்யறவங்ககூட சேர்ந்துக்கறேன்."

தமிழ்நிலா கொழுந்தையும் முற்றலையும் சேர்த்தே நறுக்கித் தூவினாள். கை நின்றது.

"அபி, இரு. கூடு கட்டினா எது வெள்ளை, எது மஞ்சள்னு அதுங்களே காட்டிடும்ல?"

"கட்டலன்னா?"

அபி எரிமலைக்கே போய்விட்டாள். அந்த வாரம் தமிழ்நிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. தனம் அத்தை கொசுவத்தி கொளுத்தினால்கூட ஓடினாள்.

"அத்தை, வேணாம் அத்தை. புகைக்குப் புழு செத்துடும்."

"என்னைக் கொசு தின்னா பரவால்லியாடி?" என்றாலும், அத்தை அணைத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் பார்த்தால், தட்டில் வைத்திருந்த காய்ந்த குச்சிகளில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கூடுகள். அபி எரிமலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

கண்காட்சியில் மருதமுத்து சார் கூடுகளை நறுக்கி, உள்ளே இருந்த கூட்டுப்புழுவை எடுத்துவிட்டு, வெறுங்கூட்டை எடை போட்டார். வெள்ளைதான் கனம்.

"ரெண்டுக்கும் ஒரே இலைதானே?"

அபி தரையைப் பார்த்தாள்.

"மொதல்ல இல்லீங்க சார்" என்றாள் தமிழ்நிலா. "வெள்ளைக்கு மட்டும் கொழுந்து போட்டோம். என் தம்பிதான் ஒண்ணாக் கொட்டிட்டான். அப்புறம் ஒரே இலை."

"அவன் கொட்டுன பிறகு நடந்ததுதாம்மா சரியான சோதனை. முன்னாடி செஞ்சதையும் மறைக்காம அட்டையில எழுதி வை."

வீட்டு வாசலிலேயே நிலவன் காத்திருந்தான். "வெள்ளைதான் ஜெயிச்சுதாக்கா?"

"ஆமாண்டா."

"ஜெயிக்கட்டும்" என்றான் நிலவன். "சாப்புட்டது ஒண்ணுதானே."