எல்லாரும் தெரிந்த தெரு

கையைத் தூக்கலாம் என்று நடைவாத்தியார் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலில் இருந்தவர் கையைத் தூக்கிவிட்டார்.

சின்ன விஷயம்தான். ஆனால் தொழில் தெரிந்தவரை அது உறுத்தத்தான் செய்யும். நகரத்துக்குள் ஒளிந்துகிடக்கும் பழைய சந்துகளைச் சுற்றிக்காட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கூட்டத்தை அழைத்துப் போகிறவர் அவர். மற்ற நாட்களில் குழாய் விற்கும் கம்பெனியில் பில் போடுகிறார் என்பதை ஞாயிற்றுக்கிழமை யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. தலையில் ஓலைத் தொப்பி, தோளில் துணிப்பை. கூட்டம் இவருடைய சரித்திர ஞானத்துக்காக வருவதில்லை. இவர் சொல்லும் வருஷங்களெல்லாம் அந்தந்த நேரத்தில் வாயில் வருகிறவை. கூட்டம் வருவது அந்தக் கைக்காக.

எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், முதலில் கண்ணில் படுகிற ஆளைப் பார்த்து, தொலைந்துபோன அண்ணன் கிடைத்துவிட்டதுபோல முகம் மலர்ந்து, "என்னண்ணே, சௌக்கியமா? வீட்ல எல்லாரும் எப்படி?" என்று கையை உயர்த்துவார். அந்த ஆள் ஜென்மத்தில் இவரைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் முகத்துக்கு நேரே சௌக்கியமா என்று கேட்பவரிடம் நீ யார் என்று திருப்பிக் கேட்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு உண்டு? நாம்தான் மறந்துவிட்டோம்போல என்ற கூச்சத்தில் அவரும் கையை உயர்த்துவார். வாத்தியார் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இங்க நமக்குத் தெரியாத வீடு கிடையாது பாருங்க" என்பார். கூட்டம் சொக்கிப்போகும்.

ஆகவே முதலில் எழவேண்டியது இவர் கை. ஜன்னல்களின் வேலை பதில் சொல்வது மட்டும். இன்று முறை மாறிவிட்டது.

அந்தக் கை எழுந்த விதமும் சரியில்லை. மணிக்கட்டு முதலில் மேலே வந்தது. விரல்கள் அதிலிருந்து ஈரத் துணி மாதிரி தொங்கின. மணிக்கட்டைச் சுற்றி வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. காப்பாக இருக்கும் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, சௌக்கியமா?" என்றார், ஒரு நொடி தாமதமாக.

இன்று எதையும் கோட்டைவிட முடியாது. மகள் வந்திருக்கிறாள்.

கல்லூரியில் படிக்கிற மகள். அப்பாவின் பெருமையைச் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்தவள், இன்றுதான் முதல்முறையாக நடைக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் முதல் சந்திலேயே விஷயம் உடைந்துவிட்டது. இஸ்திரி போடுகிறவரைப் பார்த்து வாத்தியார் வழக்கம்போலக் கையைத் தூக்கிவிட்டு முன்னால் போக, இஸ்திரிக்காரர் பின்னால் வந்தவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, யாரு அவரு? வாரா வாரம் வந்து குசலம் விசாரிக்கிறாரு. நானும் கையைத் தூக்கி வெக்கிறேன். எங்க சம்சாரம் கடன்காரனான்னு கேக்குறா" என்றார். அது முன்னால் போனவர் காதிலும் விழுந்தது.

அவள் அதைக் கூட்டத்துக்கு நடுவில் போட்டு உடைக்கவில்லை. பக்கத்தில் வந்து, மெதுவாக, "அப்பா, நிஜமாவே உங்களுக்கு இங்க யாரையாவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். உடைத்திருந்தால்கூடத் தேவலை. காது நுனிவரை சூடேற, "என்ன கேள்வி இது? அந்த இஸ்திரிக்காரனுக்கு ஞாபக மறதி" என்று வாத்தியார் தொப்பியைச் சரிசெய்தார். அவள் இரண்டடி பின்தங்கி நடந்தாள். அந்தக் கேள்வி பின்கழுத்தில் உட்கார்ந்து அவரோடேயே வந்தது.

அதனால்தான் திட்டத்தில் இல்லாத இந்தத் தெருவுக்குள் திரும்பினார். வரைபடத்தில் மட்டும் பார்த்துவைத்த தெரு. மேம்பாலத்துக்கு அடியில் ஒரு வளைவு, அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல வீடுகள். "இது என் சொந்தத் தெரு மாதிரி" என்று வழியிலேயே அறிவித்துவிட்டார். பொய் சொல்கிறவருக்கு ஒரு பொய் கிழிந்துபோனால் வேறு என்ன செய்யத் தெரியும்? அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்து மேலே போர்த்திக்கொள்வார்.

வளைவைத் தாண்டியதும் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்த லாரிகளின் இரைச்சல் படிப்படியாகக் குறையவில்லை, யாரோ கதவைச் சாத்தியதுபோல அப்படியே நின்றுபோனது. வாசல்களில் பூந்தொட்டிகள், சுவரில் சாய்த்த சைக்கிள், குறுக்கே கட்டிய கொடியில் காற்றே இல்லாமல் தொங்கும் சட்டைகள், எல்லாவற்றின்மேலும் சோப்புத் தண்ணீரும் பல நாள் திறக்காத அலமாரியும் கலந்த ஒரு வாசனை. கூட்டத்தில் எப்போதும் முன்னால் நிற்கும் கண் டாக்டரம்மா, "அச்சோ, அப்படியே கிராமம்!" என்று நெஞ்சில் கைவைத்தார். அவர் எந்தக் கிராமத்திலும் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஆனால் கிராமம் என்றால் என்ன என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். படியில் இரண்டு பேர், குழாயடியில் ஒருவர், மாடிப்படி வளைவில் ஒருவர். பேசவில்லை. எல்லாரும் வாத்தியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியாளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பஸ் தாமதமாக வந்தால் பஸ்ஸைப் பார்ப்பார்களே, அப்படி.

ஜன்னல் வீட்டின் கதவு திறந்து ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, சாதாரணமாக, "வந்துட்டியா? எவ்வளவு நேரம்தான் பாக்கிறது" என்றாள்.

ஆள் மாறாட்டம். அவ்வளவுதான். யாருக்கோ காத்திருக்கிறாள், கண் மங்கல், சாயங்கால வெளிச்சம். "இல்லைம்மா, நான் அவரில்லை" என்றால் முடிந்தது. ஒரே வாக்கியம்.

மகள் பக்கத்தில் நின்றாள்.

"வராம இருப்பேனா அக்கா?" என்றார் வாத்தியார்.

"முட்டி எப்படி இருக்கு? இடது முட்டிதானே? படியேறும்போது பிடிச்சுக்கிட்டே ஏறு."

இடது முட்டிதான். மனைவிக்கும் மகளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நடைவாத்தியாருக்கு முட்டிவலி என்றால் பிழைப்பு நாறிவிடாதா? தெருவின் அமைதி அவர் காதுக்குள் தண்ணீர் மாதிரி ஏறியது. அப்போது மகள் அவர் விரல்களைப் பிடித்தாள். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பாளே, அதே பிடி.

"சாரிப்பா" என்றாள். "நான்தான் தப்பா நினைச்சிட்டேன்."

அவர் அதோடு தொலைந்தார். பயம் தொண்டைவரை வந்திருந்தது. ஆனால் அந்த "சாரிப்பா" அதைக் கீழே தள்ளி மேலே மூடிவிட்டது. இப்போது எந்த முகத்தோடு சொல்வது, இவளை எனக்குத் தெரியாது என்று?

"அம்மா உன்னைப் பாக்கணும்ங்கிறா. ஒரு நிமிஷம் தலையைக் காட்டிட்டுப் போயிடு."

"நானும் வரேன்ப்பா."

"நீ இரும்மா கண்ணு" என்றாள் அந்தப் பெண்மணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "உள்ள இடம் ஒரு ஆளுக்குத்தான்."

கேமராவும் கையுமாக இருந்த ஒருவர், "போயிட்டு வாங்க சார், இந்தக் காலத்துல இப்படி ஒரு ஒட்டுறவு யாருக்குக் கிடைக்கும்?" என்றார். கூட்டம் மொத்தமும் நெகிழ்ந்துபோய் நின்றது. நெகிழ்ந்துபோன கூட்டத்துக்கு முன்னால் மறுப்பதைவிடக் கிணற்றில் குதிப்பது சுலபம். வாத்தியார் படியேறினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே ஒரே அறை. வெளிச்சம் ஜன்னலிலிருந்து மட்டும். நாற்காலியில் இருந்தவர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால் இருந்த இருட்டு அறையின் அளவுக்குப் பொருந்தவில்லை, நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அலமாரி வாசனை அங்கிருந்துதான் வந்தது. யாரோ மூச்சு விடுகிற சத்தம். ஈரமான, பொறுமையான மூச்சு.

நாற்காலிக்குக் கீழே செருப்புகள். ஒரு ஜோடி பளபளப்பான கறுப்பு ஷூ, விற்பனைக்கு வீடு வீடாக ஏறுகிறவர்கள் போடுவது. ஒரு ஜோடி கான்வாஸ். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களின் வெள்ளைத் தோல் செருப்பு ஒன்று. எல்லாம் வாசலைப் பார்த்து வரிசையாக. யாரோ துடைத்து வைக்கிறார்கள். தூசி இல்லை.

"அம்மா எங்க?" என்றார் வாத்தியார். குரல் கூட்டத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"இங்கதான்" என்றாள் அந்தப் பெண்மணி. "உக்காரு."

நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். எழும்போது, பஸ்ஸில் வெகுதூரம் நின்றே வந்தவனுக்கு ஒரு சீட் கிடைத்ததுபோல, "அப்பாடா" என்றார். மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். காப்பு இல்லை. காப்பு இருந்த இடமும் இல்லை. வளையமாக வெளுத்துப்போன தோல். யாரோ வெகுநாள் இறுகப் பிடித்திருந்ததுபோல, விரல் விரலாக.

வீட்டுக்கு வந்த விருந்தாளியின் சுமையை வாங்கிக்கொள்வதுபோல, அவ்வளவு மரியாதையாக, வாத்தியாரின் தொப்பியைக் கழற்றினார். தோளிலிருந்து பையை எடுத்தார். வாத்தியார் கொடுத்தார். எப்படிக் கொடுத்தோம் என்று தெரியவில்லை. முட்டிக்குப் பின்னால் நாற்காலியின் விளிம்பு தட்டியது. உட்கார்ந்துவிட்டார். பலகை சூடாக இருந்தது.

"பொண்ணு உங்களை எப்படிக் கூப்பிடும்?"

"அப்பான்னுதான்."

"அது போதும்" என்றார் அவர். தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

எழுந்துவிடலாம். கத்திவிடலாம். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா இருக்கிறார். மகள் இருக்கிறாள். அவர்கள் முன்னால் எதைக் கத்துவது? எனக்கு இவர்களைத் தெரியாது என்றா? எனக்கு யாரையுமே தெரியாது என்றா? ஓர் இரண்டு நிமிஷம். கூட்டம் நாலு வீடு தள்ளிப் போகட்டும். சத்தமில்லாமல் எழுந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாமல்.

வெளியே தொப்பி தெரிந்தது.

யாரும் திடுக்கிடவில்லை. டாக்டரம்மா அந்தத் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார். கேமராக்காரர் வழிவிட்டார். மகள் அந்த ஆளை ஏறிட்டுப் பார்த்தாள். முகம் முழுக்கப் பார்த்தாள். இப்போது தெரிந்துவிடும். இப்போது.

அவள் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள அந்த அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கம்மா."

வாத்தியாரின் வாய் திறந்தது. கூச்சம், மானம், தொப்பி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எங்கேயோ போயின. "பாப்பா!" என்று கத்தினார். "எனக்கு இவங்களைத் தெரியாது! சத்தியமாத் தெரியாது! நான் பொய் சொன்னேன்! யாரையுமே தெரியாது!"

ஜன்னலைத் தாண்டிக் கேட்டது. நன்றாகவே கேட்டது. மகள் திரும்பினாள். நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். இஸ்திரிக்காரர் முகத்தில் இருந்த அதே கூச்சம், யார் என்று தெரியாதவரிடம் வருகிற கூச்சம், அவள் முகத்தில் வந்தது.

"பாவம். யாருப்பா அவரு?"

"உடம்பு சரியில்லாதவரும்மா. எனக்கு நல்லாத் தெரியும்." தொப்பிக்காரன் இவர் பக்கம் திரும்பி, முகம் மலர்ந்து, கையை உயர்த்தினான். "என்னண்ணே, சௌக்கியமா?"

நாற்காலிக்குப் பின்னால் மூச்சு நின்றது. ஏதோ எழுந்துவருகிற சத்தம். துணி தரையில் உரசுகிற சத்தம்.

மகள் அவரைப் படமெடுக்கப் போனைத் தூக்கினாள். அவர் அசையவில்லை. அசைய முடியவில்லை. போனின் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் தொப்பியில்லாத ஒரு தலை தெரிந்தது. அதன் தோளுக்குமேல், இருட்டிலிருந்து, சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த ஐந்து விரல்கள் நீண்டு வந்தன. இடம் தெரிந்த விரல்கள். அவை அவர் மணிக்கட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பிறகு, பழக்கமான வேலையைச் செய்கிறவளின் நிதானத்தோடு, அவர் கையை மேலே தூக்கின.

மகள் சிரித்தாள். பதிலுக்குக் கையை அசைத்தாள்.